ஏழு மிளகாய்

புதுச்சேரி,
1934 மே 28

மருமகள் சகாயசெல்விக்கு மாமியார் வேளாங்கண்ணி எழுதுவது.

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கிறதற்காக இதை எழுதவில்லை. கப்பலில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு என்ன குறை இருக்கப்போகிறது?

மார்செய்யிலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது. உன் துரை முசே ரெனார் ஒரு பாய்க்கப்பல் வாங்கியிருக்கிறார், கோடை முழுக்கக் கிரேக்க தேசத்தில் தீவு தீவாக உல்லாசமாய்ச் சுற்றப் போகிறார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொள்ள நீயும் கூடப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். போகும்போது என்னிடம் சொன்னது என்ன? "மதாமோட புள்ளைய பிரான்சு வரைக்கும் கொண்டுபோய் உட்டுட்டு அடுத்த கப்பல்ல வந்துடறேன் அத்தை" என்றாய். அடுத்த கப்பல் வந்தது. அதிலிருந்து ஒயின் பீப்பாய்களை இறக்கினார்கள். உன்னை இறக்கவில்லை.

என் மகன் அமலநாதன் துறைமுக ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவன். அவன் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. அவன் பெண்டாட்டி இன்னொருத்தி பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுப் பிழைக்கிறாள் என்று சம்பா மாதா கோவில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். மீன் கொண்டுவருகிற வைத்திக்குப்பத்து ஆயம்மாகூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "இன்னாம்மா, உன் மருமவ வெள்ளக்காரனோட பாய் கட்டிக்கினு கடலுக்குப் போயிருக்காளாமே? எங்க குப்பத்து ஆம்பளைங்களே காத்து பார்த்துத்தான் எறங்குவானுங்க."

"நீ மீன காட்டு" என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சைகோனிலிருந்து என் மூத்த மகன், உன் மூத்தார் அருளானந்தம் எழுதியிருக்கிறான். சுங்க ஆபீசில் அவனுக்கு உத்தியோகம் உயர்ந்திருக்கிறது. அவன் பெண்டாட்டி ஆனந்தமேரிக்குக் கலியாணமாகி இத்தனை வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை. நம் மதலேனைத் தன் பிள்ளையாக வளர்க்கக் கேட்கிறான். என்னையும் கூடவே வந்து இருந்துவிடச் சொல்கிறான். அக்டோபர் முதல் வாரத்துக் கப்பலுக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்புகிறானாம்.

பெற்றவள் நீ, ஆகையால் தெரிவிக்கிறேன். சம்மதம் கேட்கிறதற்காக அல்ல. அந்தக் கப்பலுக்கு முன்னால் நீ இந்த வாசலில் வந்து நின்றால் முகத்துக்கு முகம் பேசிக்கொள்ளலாம். இல்லையென்றால் பிள்ளை சைகோனுக்குப் போகும்.

மதலேன் உன்னைக் கேட்கிறாளா என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் பதில் எழுதமாட்டேன்.

வேளாங்கண்ணி

யாரையோ வைத்து எழுதினேன் என்று நினைக்காதே. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டாலும் என் வார்த்தையை எழுத இன்னொருத்தர் கை எனக்கு வேண்டாம்.


இத்ரா தீவு,
ஜூன் 24

அத்தை அவர்களுக்கு சகாயசெல்வி வணக்கம்.

பிள்ளையைக் கொடுத்துவிடாதீர்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இங்கே கப்பலில் மேசை ஒரு பக்கம் சாய்ந்தபடியே இருக்கிறது; மைப்புட்டி எப்போது கொட்டும் என்று தெரியாது.

நான் பொய் சொல்லிவிட்டு வரவில்லை. மார்செய்யில் இறங்கின அன்றே டிக்கெட் கேட்டேன். "கோடை முடியட்டும், பிள்ளை உன்னை விட்டு இருக்கமாட்டான், செப்டம்பரில் நானே கப்பல் ஏற்றிவிடுகிறேன்" என்றார் முசே. மதாமும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். என் டிக்கெட் அவர்கள் கையில் இருக்கும்போது நான் எப்படி மாட்டேன் என்பேன்? செப்டம்பர் நடுவில் ஏற்றிவிட்டால்கூட அந்த அக்டோபர் கப்பலுக்கு முன்னால் வந்துவிடுவேன். இது உறுதி.

உல்லாசம் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு உல்லாசம்தான். மதாம் பேர் ஒதீல். கப்பலுக்கும் அந்தப் பேரையே வைத்திருக்கிறார் முசே. நம் ஜெப அறையும் சமையலறையும் சேர்ந்த அகலம் இருந்தால் அதிகம். காலையில் பாயை ஏற்றுவார்கள், மத்தியானத்துக்குள் ஒரு தீவு வரும். மரமே கிடையாது. மொட்டைப் பாறை, அதன்மேல் சுண்ணாம்பு அடித்த வீடுகள், ஆட்டு மணிச் சத்தம். தண்ணீர் அடி மண் தெரிகிற மாதிரி தெளிவாக இருக்கிறது. ஆனால் குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஊர் ஊராய்க் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கடலில் குதித்து நீந்துவார்கள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கப்பலை ஓட்டுகிறவர் மனோலி என்கிற கிரேக்கக் கிழவர். பாதிப் பல் இல்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சைவிட அவருக்குக் குறைவாகத் தெரியும், ஆகையால் இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிகிறது.

பிள்ளை லூசியனுக்கு இரண்டு வயது. என் பழைய சேலையில் தூளி கட்டி அறையின் நடுவில் தொங்கவிட்டிருக்கிறேன். கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் தூளி நேராகவே நிற்கிறது. மதாம் அதைப் பார்த்துக் கை தட்டினாள்.

இப்போது ஒரு கவலை. போன வாரம் இந்தத் தீவில் கரையிறங்கினோம். கறுப்புத் துணி கட்டின ஒரு கிழவி பிள்ளையைப் பார்த்துக் கன்னத்தைத் தொட்டு, அழகு அழகு என்று ஏதோ சொல்லிவிட்டு, நீல நிறத்தில் சின்னக் கண்ணாடி மணி ஒன்றை அவன் சட்டையில் ஊசியால் குத்திவிட்டாள். மறுநாளே அந்த மணி எங்கேயோ விழுந்துவிட்டது. அதிலிருந்து பிள்ளை சரியில்லை. பால் குடிக்க வாய் வைத்தால் மூச்சு முட்டுகிற மாதிரி அழுகிறான். தூங்குவதில்லை. ஒரு பக்கம் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. முசே என்னைத்தான் பார்க்கிறார். "நீ என்ன கொடுத்தாய்?" என்று கேட்டார்.

இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் எனக்கு டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லையென்றால் மதலேன் இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை, அத்தை.

நீங்கள் பதில் எழுதினால் சீரோஸ் தீவுத் தபால் ஆபீசில் என் பேருக்குப் போடுங்கள். நாங்கள் வரும்வரை வைத்திருப்பார்கள். ஆகாயத் தபாலில் போட்டால் சீக்கிரம் வரும்.

சகாயசெல்வி


புதுச்சேரி,
ஜூலை 9

சகாயசெல்விக்கு,

ஆகாயத் தபாலுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் தெரியுமா? போட்டிருக்கிறேன். ஒரு பிள்ளை பால் குடிக்காமல் இருக்கும்போது கணக்குப் பார்க்கக் கூடாது, அது யார் பிள்ளையாக இருந்தாலும்.

நீ படித்தவள் மாதிரி பேசுவாய். உன் கண்ணுக்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி கன்னத்தைத் தொட்டு அழகு என்கிறாள். மறுநாளிலிருந்து பிள்ளைக்குப் பால் இறங்கவில்லை. இதற்கு டாக்டர் எதற்கு? கண்ணு பட்டிருக்கிறது. சுத்திப் போடு.

எப்படி என்று எழுதுகிறேன், கவனமாய்ப் படி. ஏழு காய்ந்த மிளகாய். ஒரு பிடி கல் உப்பு. அந்தக் கிழவி நின்ற மண் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கப்பல் தரையைப் பெருக்கின குப்பை போதும். பிள்ளையை மடியில் வைத்து வலமாக மூன்று தரம், இடமாக மூன்று தரம் சுற்றி, வாயைத் திறக்காமல் கொண்டுபோய் நெருப்பில் போடு. கண்ணு பட்டிருந்தால் நெடியே வராது. முக்கியமானது: கதவைச் சாத்திக்கொண்டு செய். நடுவில் ஒருத்தர் பார்த்துவிட்டால் பலன் போய்விடும். இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொண்டு இருக்காதே. அவருக்கு இதெல்லாம் புரியாது. மாதாவுக்குப் புரியும், அவள் பிள்ளை பெற்றவள்.

மிளகாய்க்கு எங்கே போவேன் என்று கேட்பாய். உன் பெட்டியின் அடியில், நீல ரவிக்கைக்குக் கீழே பார். நீ கிளம்பின அன்று நான் உன்னோடு பேசவில்லை. வழியனுப்பக் கப்பல் பாலத்துக்கும் வரவில்லை. பெட்டியில் மிளகாய் கட்டி வைத்தேன்.

சைகோனிலிருந்து அருளானந்தம் வீட்டின் போட்டோ வந்திருக்கிறது. மாடி வீடு. முன்னால் இரும்பு கேட். மதலேன் அதைப் பார்த்துவிட்டு, "ஆயா, இந்த வீட்ல கடல் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "அப்ப அம்மா கப்பல் அங்க வரும்" என்றாள். போட்டோவை வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

சைகோன் பேச்சில் மாற்றம் ஒன்றும் இல்லை.

வேளாங்கண்ணி


சீரோஸ் தீவு,
ஆகஸ்டு 3

அத்தை அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். அதனால் இப்போது கரையில் இருக்கிறேன்.

உங்கள் கடிதம் இங்கே தபால் ஆபீசில் கிடைத்தது. படித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மிளகாய் இருந்தது. அன்று அழுதேன், அது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் கிழக்கே மீகொனோஸ் தீவுக்குப் பாய் ஏற்றினோம். இந்த மாதங்களில் இங்கே வடக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். மேகம் இருக்காது, வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், காற்று மட்டும் ஆளைத் தள்ளும். மெல்தெமி என்கிறார்கள். மனோலி, இன்றைக்கு வேண்டாம் என்று கையைக் கையை ஆட்டினார். முசேக்குக் காற்றென்றால் சந்தோஷம். கப்பல் ஒருபக்கமாய்ச் சாய்ந்து, விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அலை உள்ளே கொட்டுகிறது என்று மேலே இருக்கிற பலகைக் கதவைச் சாத்தினார்கள். எல்லாரும் மேலே. கீழே நானும் பிள்ளையும் கரி அடுப்பும் மட்டும். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன்.

சுற்றினேன். வாயைத் திறக்கவில்லை. அடுப்பில் போட்டேன்.

கண்ணு பட்டிருந்தால் நெடி வராது என்று எழுதியிருந்தீர்கள். வந்தது.

அத்தை, நம் வீட்டு முற்றத்தில் போட்டால் தெரு முனைவரைக்கும் இருமுவார்கள். இது ஒரு பெட்டி. எனக்குக் கண் தெரியவில்லை. பிள்ளை தும்மினான், தும்மினான், தும்மிக்கொண்டே இருந்தான். தூளியோடு அவனைச் சுருட்டி நெஞ்சில் அழுத்திக்கொண்டேன். சத்தம் கேட்டு மதாம் கதவைத் திறந்தாள். உள்ளே இருந்த புகை முழுவதும் ஒரே மூச்சாக வெளியே போனது. சுக்கான் பிடித்திருந்த மனோலி அந்தக் கதவுக்கு நேரே நின்றிருந்தார்.

அப்போது கப்பல் இரண்டு மொட்டைத் தீவுகளுக்கு நடுவே சந்து மாதிரி இடத்தில் போய்க்கொண்டிருந்தது. மனோலி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். சுக்கானைப் பிடிக்க யாரும் இல்லை. ஓர் இடி. நான் அடுப்பின் பக்கம் விழுந்தேன். முழங்கையில் சூடு பட்டிருக்கிறது, பெரிதில்லை. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. மாதாவுக்கு ஸ்தோத்திரம். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் சுக்கான் பாறையில் மோதி உடைந்துவிட்டது. ஒரு மீன்பிடிப் படகு எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு சீரோசுக்குத் திரும்பக் கொண்டுவந்தது.

முசே சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "என் மகனை விஷப் புகையில் அடைத்தாய். உன் வேலை முடிந்தது, நம் பேச்சும் முடிந்தது" என்றார். டிக்கெட் என்றேன். "பாறையைக் கேள்" என்றார். யார் சொல்லி இப்படிச் செய்தாய் என்று மதாம் கேட்டாள். நான் சொல்லவில்லை. உங்கள் பேர் அந்தக் கப்பலில் வரவில்லை, அத்தை.

மனோலிதான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது. அடுப்பைக் காட்டி, பிள்ளையைக் காட்டி, தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, மூன்று தரம் துப்புகிற மாதிரி செய்தார். இவர்கள் ஊரிலும் கண்ணு உண்டு. எண்ணெயைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்களாம். பிறகு தலையில் அடித்துக்கொண்டு வானத்தைக் காட்டினார்: செய்தது சரி, வெளியே வைத்துச் செய்திருக்கக் கூடாதா என்று.

இந்தத் தீவில் நம் சபைக் கிறிஸ்தவர்கள் பாதிப் பேர் இருக்கிறார்கள். பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் மடம் ஒன்று மேட்டின்மேல் இருக்கிறது. சலவைக் கூடத்தில் வேலை கொடுத்து, படுக்க இடமும் கொடுத்திருக்கிறார்கள். சோறு உண்டு. ஊருக்கு வர வழி இல்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அக்டோபர் கப்பலை நிறுத்துங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

சகாயசெல்வி


புதுச்சேரி,
ஆகஸ்டு 6

சகாயசெல்விக்கு,

பிள்ளை பால் குடித்ததா? கடிதத்தைக் காணோம். குடித்திருக்கும். நான் சொல்லி இதுவரை தப்பினதில்லை.

டிக்கெட் இரண்டும் வந்துவிட்டன. எனக்கு ஒன்று, மதலேனுக்குப் பாதி டிக்கெட். என் பேரைப் பிரெஞ்சில் மெஷின் எழுத்தில் அடித்திருக்கிறார்கள். பூசை முடிந்து வரும்போது எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நானும் சொல்லிவிட்டேன். மதலேனுக்கு இரண்டு கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறேன். பாத்திரங்களை அக்கம்பக்கத்தில் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்குக் குடித்தனம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆயம்மா கூடையைச் சுமந்துகொண்டு நின்றபடியே சொல்கிறாள்: "மருமவ மேக்கால போனா, மாமியா கெழக்கால போறா. இந்தத் தெருவுல இனி நான் ஆருக்கு கெளுத்தி விக்கறது?" நான் சிரித்தேன். எனக்குச் சிரிக்க உரிமை இருக்கிறது. அமலநாதன் போனபிறகு இந்த வீட்டில் ஒரு நல்ல காரியத்துக்குப் பெட்டி கட்டுவது இதுதான் முதல் தடவை.

நீ யோசித்துப் பார். அங்கே இரும்பு கேட் வைத்த வீடு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். வளர்க்க ஓர் ஆண். இங்கே நீ வந்து என்ன கொடுக்கப் போகிறாய்? இன்னொரு மதாம் வீட்டுக் கொல்லைக் கதவைத்தானே? நீ அங்கேயே இருந்துகொள். முசே நல்லவர் என்று மார்செய்க் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். பெண் எங்கே இருந்தாலும் உன் பெண்தான், அதை நான் அவளிடம் சொல்லி வளர்ப்பேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

வேளாங்கண்ணி


சீரோஸ் தீவு,
ஆகஸ்டு 25

அத்தை அவர்களுக்கு,

பாத்திரத்தைக் கொடுத்துவிட்டேன் என்கிற கடிதம் வந்தது. என் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் எழுதியது என்று தேதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தினமும் தபால் ஆபீஸ் படியில் நிற்கிறேன். தபால்காரருக்கு என் பேர் பாடமாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் தலையை மேலே தூக்கி நாக்கைச் சொடுக்குகிறார். இந்த ஊரில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

நடந்ததை எழுதுகிறேன். சுக்கானைச் சரிசெய்கிறவரைக்கும் ஒதீல் கப்பல் இங்கே துறையில்தான் கிடக்கிறது. அதன் துணிகள் சலவைக்கு எங்கள் மடத்துக்கு வந்தன. அதில் என் தூளிச் சேலையும் இருந்தது. தொட்டியில் போடுவதற்கு முன்னால் உதறினேன். மடிப்பிலிருந்து ஒன்று கல்மேல் விழுந்து உருண்டது. அந்த நீல மணி. அதைச் சுற்றிச் சளி காய்ந்து ஒட்டியிருந்தது.

அதைக் கையில் எடுத்தேன். பிள்ளை அதைப் பிய்த்து மூக்கில் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு பக்க மூக்கு மட்டும் ஏன் ஒழுகியது, பாலுக்கு வாய் வைத்தால் ஏன் மூச்சு முட்டியது, எல்லாம் அப்போதுதான் விளங்கியது. கண்ணு படாமல் இருக்கக் குத்தின மணிதான் அவனைப் படுத்தியிருக்கிறது. அன்று அந்த நெடியில் தும்மினானே, அதில் வந்து விழுந்திருக்கிறது.

மதாமிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் மணியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். அன்றையிலிருந்து அவன் நன்றாகத்தான் சாப்பிடுகிறானாம். ராத்திரி மட்டும் என்னைக் கேட்டு அழுகிறானாம். அவள் உட்கார்ந்து அழுதாள். முசே வெளியே போய்ச் சுருட்டுப் பிடித்துவிட்டு வந்தார். வந்து சொன்னார்: "சரி, திரும்ப வா. நாங்கள் லியோனுக்குப் போகிறோம். இரண்டு வருஷம் இரு. சம்பளம் கூட்டித் தருகிறேன். இரண்டு வருஷம் முடிந்ததும் டிக்கெட்."

இப்போதே டிக்கெட் கொடுங்கள் என்றேன். "இப்போது கொடுத்தால் நீ போய்விடுவாய்" என்றார். உண்மைதானே.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மதாம் மறுபடி என் கையைப் பிடித்தாள். பிள்ளை என் முந்தானையை விடவில்லை. விரல் விரலாக எடுத்துவிட்டேன். அதைப்பற்றி எழுத முடியவில்லை.

நான் செய்தது தப்பு என்று நீங்கள் சொல்லலாம். இரண்டு வருஷச் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல், ஊரும் பாஷையும் தெரியாத தீவில் துணி துவைக்கிறேன். ஆனால் லியோனுக்குப் போனால் மதலேனை நானே சைகோனுக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். இங்கே இருந்தால் நீங்கள் எடுத்துப் போனதாக மட்டும் ஆகும். எனக்கு இந்த வித்தியாசம் வேண்டியிருக்கிறது.

வளர்க்க ஓர் ஆண் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். உங்களை விட்டு மாமா போனபோது அருளானந்தம் மூத்தாருக்கு ஏழு வயது, என் வீட்டுக்காரருக்கு நான்கு வயது. அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். யாரிடம் கொடுத்தீர்கள் அத்தை, அந்த இரண்டு பிள்ளைகளையும்?

சகாயசெல்வி


புதுச்சேரி,
செப்டம்பர் 12

சகாயசெல்விக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் மடத்துத் தாயாருக்குத் தந்தி வந்திருக்கும். அதில் எழுதியிருப்பது நிஜம். நீ கிளம்பியிருப்பாய், இதைப் படிக்கமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் நல்லது. சில விஷயங்கள் எழுதத்தான் வேண்டும், படிக்க வேண்டும் என்பதில்லை.

பாறையில் மோதின கடிதம் மாதா பரலோகமேறின திருநாள் அன்று வந்தது. பூசைக்குப் போகிற அவசரத்தில் பிரித்தேன். பூசைக்குப் போகவில்லை. பதிலும் எழுதவில்லை. என்ன எழுதுவது? பெட்டி கட்டியாகிவிட்டது, பாத்திரம் கொடுத்தாகிவிட்டது, ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. தினமும் அந்த டிக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அதில் என் பேர் அவ்வளவு அழகாக அடித்திருந்தது. இரண்டாவது கடிதம் போன வாரம் வந்தது. கடைசி வரியில் ஒன்று கேட்டிருக்கிறாய். அதற்கு நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை, உனக்கும் சொல்லமாட்டேன். அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன் என்று மட்டும் வைத்துக்கொள்.

மறுநாள் காலையில் மதலேனைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பல் ஆபீசுக்குப் போனேன். அங்கே குமாஸ்தா கண்ணையன், அமலநாதனோடு வேலை பார்த்தவன். டிக்கெட் இரண்டையும் மேசைமேல் வைத்தேன்.

"இந்த ரெண்டையும் எடுத்துக்கினு ஒண்ணு குடு" என்றேன்.

"எங்கம்மா போவணும்?"

"போவறது இல்ல. வரணும். கிரேக்க தேசத்துலேருந்து ஒருத்தி வரணும்."

அவன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அம்மா, இது கெழக்க போறது. நீங்க மேக்கேருந்து கேக்குறீங்க."

"கடல் ஒண்ணுதான? கம்பெனியும் ஒண்ணுதான?"

"வாங்குனது உங்க புள்ள. அவரு தந்தி குடுத்து சம்மதம்னு சொல்லணும்."

"பேரு ஆரு பேருடா எழுதியிருக்குது?"

"உங்க பேரு."

"படி."

படித்தான். "அப்பறம் என்ன?" என்றேன். பின்னால் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் உள்ளே போய் வெள்ளைக்கார துரையிடம் பேசிவிட்டு வர வெகுநேரம் ஆயிற்று. கிரேக்க தேசத்துப் பிரே துறைமுகத்தில் ஏறி, போர்ட் சயீத்தில் கப்பல் மாறி வருகிற மாதிரி எழுதிக் கொடுத்தான். கடைசி வகுப்புதான். சீரோசிலிருந்து பிரே வரைக்கும் மடத்தில் ஏற்றிவிடச் சொல்லித் தந்தியில் கேட்டிருக்கிறேன்.

அருளானந்தத்துக்கும் தந்தி அடித்தேன். பதில் தந்தி வந்தது. அதில் என்ன இருந்தது என்று நீ கேட்கக் கூடாது. அவன் என் மகன், கோபம் என்னிடமிருந்து வந்ததுதான், ஆறிவிடும். ஆனந்தமேரி என்ன பாவம் செய்தாள்? அவளுக்கு நானே தனியாக எழுதவேண்டும்.

ஆயம்மா இன்று வந்தாள். "சைகோனு போவலியாமே?" என்றாள்.

"போவல."

"அந்த மாடி வீடு?"

"எனக்கு படியேறினா மூட்டு வலிக்கும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து ஒரு கெளுத்தியைக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனாள். ஆக்குவதற்குச் சட்டியில்லை. கொடுத்த பாத்திரத்தை ஒவ்வொரு வீடாகப் போய்த் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வாழ்நாளில் நான் யார் வாசலிலும் போய் நின்று கேட்டதில்லை. இதை நீ என் காலம் உள்ளவரைக்கும் மறக்கக் கூடாது.

மிளகாய் விஷயம். நீ எழுதியதை நான்கு தரம் படித்தேன். என் முறையில் தப்பில்லை. பலன் வந்திருக்கிறது, மணி விழுந்திருக்கிறது, நீயே எழுதியிருக்கிறாய். ஆனால் ஏழு என்பது வீட்டுக்கு. கப்பலுக்கு மூன்று போதும். அதை நான் எழுத விட்டுவிட்டேன்.

என் பேரை அந்தக் கப்பலில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். சொல்லியிருக்கலாம். அந்த முசே என்னை என்ன செய்துவிடுவான்?

வேலைக்குப் போகிறதைப் பற்றி நீ வந்தபிறகு சண்டை போட்டுக்கொள்வோம். அதில் நான் ஒன்றும் விட்டுக்கொடுத்துவிடவில்லை.

மதலேனிடம் உன் அம்மா வருகிறாள் என்று சொன்னேன். "நெஜமாவா ஆயா, இல்ல போட்டோவா?" என்று கேட்டாள். நிஜமாக என்றேன். அதிலிருந்து தினமும் சாயங்காலம் பாலத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கிறாள். இப்போதே வராது என்றாலும் கேட்பதில்லை. நானும் அவளோடு போய் நிற்கிறேன். உன்னை அனுப்பும்போது வராதவள் இப்போது கப்பலே இல்லாத கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

எத்தனை ஊர்க் கண்ணு உன்மேல் பட்டிருக்கிறதோ தெரியாது. படகிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்கு வா. உனக்குத்தான் முதலில் சுத்திப் போட வேண்டும். முற்றத்தில்தான் போடுவேன். கதவைத் திறந்து வைத்து.

வேளாங்கண்ணி